தீக்குச்சியும் மினி டிராப்டரும்

மலர்க்குழு நண்பர் போன் பண்ணி, "நம்ம காலேஜ் வரலாற்றிலே ஏதாவது ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பா" என்றார். கட்டடம் எப்போது எழுந்தது, எந்த முதல்வர் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதையெல்லாம் மூத்தவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எடுத்துக்கொண்டது கல்வெட்டில் ஏறாத சங்கதி. புதிதாக வந்து சேரும் முதலாமாண்டுப் பிள்ளையை நாம் எப்படி வரவேற்றோம் என்பது.

1794-ல் சென்னைக் கோட்டை அருகே சர்வே பள்ளி தொடங்கியபோது மாணவர்கள் எட்டே பேர். பிற்பாடு அதுவே கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. எட்டுப் பேருக்கு வழிகாட்டி எதற்கு? ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். எங்கள் செட்டில் முதலாமாண்டில் மட்டும் நானூற்றுச் சொச்சம் பேர். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் ரோல் நம்பர்தான்.

நான் 2008-ல் சேர்ந்தவன். அதற்கு முந்தைய ஆண்டே நுழைவுத் தேர்வு போய்விட்டது. பிளஸ் டூ மார்க்கை வைத்து இருநூற்றுக்குக் கட்-ஆஃப், அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங். திரையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் காலியிடம் குறைந்துகொண்டே வருவதை அப்பா வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். இன்ஜினியரிங் கிராபிக்ஸ் முதல் வகுப்பில் சார் 'ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷன்' என்றதும் பக்கத்துப் பையன் தலையாட்டினான், நானும் ஆட்டினேன். அவனுக்கும் புரியவில்லை என்பது ஆறு மாசம் கழித்துத்தான் தெரிந்தது!

அன்று ராத்திரி ஹாஸ்டல் இரண்டாவது மாடியில் ஒரு சீனியர் என் கையில் தீக்குச்சியைக் கொடுத்தார். "வராந்தா எத்தனை குச்சி நீளம்னு அளந்து சொல்லு. இன்ஜினியர்தானே நீ?" சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொல்ல வேண்டும். முட்டி தேய அளந்து, "அறுநூற்றுப் பன்னிரண்டு அண்ணா" என்றேன். "தப்பு. திரும்ப அள." (குச்சி நாலேகால் சென்டிமீட்டர் என்றால் இருபத்தாறு மீட்டர் வருகிறது. என் கணக்குச் சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.)

நண்பர்களே, இது நடந்தபோது ராகிங் இந்த மாநிலத்தில் பதினோரு ஆண்டுகளாகச் சட்டப்படி குற்றம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. டிசம்பரில் அவசரச் சட்டம், 1997-ல் முழுச் சட்டம்: இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2001-ல் உச்ச நீதிமன்றமும் உத்தரவு போட்டது. அதெல்லாம் எங்கள் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் ஒட்டித்தான் இருந்தது. போர்டு கீழ்த்தளத்தில், வராந்தா மாடியில்.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. என்னை அளக்க வைத்த அதே அண்ணன்தான் மறு வாரம் என் அறைக்கு வந்தார். மினி டிராப்டரை நான் போர்டின் தப்பான பக்கத்தில் மாட்டி வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இடது மேல் மூலையில் கவ்வியை வைத்து இறுக்கி, தலையைப் பூஜ்யத்தில் நிறுத்தி, "இப்ப இழுத்துப் பாரு, எங்க இழுத்தாலும் கோடு இணையாத்தான் வரும்" என்றார். பழைய ஷீட்டுகளையும் கணக்கு நோட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் கிராபிக்ஸில் அரியர் வைக்காததற்குக் காரணம் அவர்தான். அதற்காக அந்தத் தீக்குச்சியை நியாயம் என்று சொல்ல மாட்டேன். என் அறை நண்பன் ஒரு மாசம் விளக்கை அணைக்காமல் படுத்திருந்தான். அவனுக்கு டிராப்டர் சொல்லிக் கொடுக்க யாரும் வரவில்லை.

2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் இன்னொரு முதலாமாண்டு மருத்துவ மாணவரின் சாவு. அதற்கு முன்பே முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் ராகவன் தலைமையிலான குழு 2007-ல் அறிக்கை கொடுத்திருந்தது. அந்த ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. தொழில்நுட்பக் கல்விக் குழுவும் பின்னாலேயே கொண்டுவந்தது. மாணவனும் பெற்றோரும் ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது அப்பா கேட்டார்: "உண்மையைச் சொல்லு, நீ என்னடா பண்ணினே?"

அந்த விதிமுறைகளை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. அதில் பாதிதான் தடை. மறுபாதி துணை. புதியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும். அவர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிக் குறை கேட்க வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் சீனியர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து துறைதோறும் வரவேற்பு விழா நடத்த வேண்டும். விளையாட்டு, கலைநிகழ்ச்சி எல்லாமே உண்டு. நம் கல்லூரியில் தடைப் பாதி ஒரே வாரத்தில் அமலுக்கு வந்தது. தனி ஹாஸ்டல், கேட்டில் வாட்ச்மேன், மெஸ்ஸில் தனி நேரம். துணைப் பாதி ஃபைலில் இருந்தது.

அப்போது நான் இரண்டாமாண்டு. செப்டம்பரில் ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஒல்லியாக ஒரு பையன், தோளில் சார்ட் குழாயோடு பக்கத்தில் வந்தான். "அண்ணா, மினி டிராப்டர் எப்படி மாட்டறதுண்ணா? நான் தமிழ் மீடியம்." எனக்கு முதலில் வந்தது பயம். யாராவது பார்த்தால்? கம்ப்ளைன்ட் ஆனால்? அப்பா போட்ட கையெழுத்து? "சார்கிட்ட கேளுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

தீபாவளி லீவுக்குப் போன அந்தப் பையன் திரும்பி வரவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டதாக ஆபீசில் சொன்னார்கள். வீட்டில் என்ன கஷ்டமோ, வேறு கோர்ஸ் கிடைத்ததோ, நான் விசாரிக்கவில்லை. அவன் பெயரைக்கூட அன்று கேட்டிருக்கவில்லை.

மூன்றாமாண்டில், 2010-ல், இதை எங்கள் கிராபிக்ஸ் சாரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சட்டத்திலே பேசக்கூடாதுன்னு எங்கே இருக்கு? என் முன்னால பேசு" என்றார். அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு டிராயிங் ஹால் கதவுகள் இரண்டும் திறந்து கிடக்கும். சார் மேடையில் உட்கார்ந்து பேப்பர் திருத்துவார். நாங்கள் ஆறு பேர் கீழே. முதல் சனிக்கிழமை வந்தது மூன்று பேர், அதில் ஒருவன் வழி தவறி வந்தவன். செமஸ்டர் முடிவில் உட்கார ஸ்டூல் பத்தவில்லை. பாதிப் பேர் கிராபிக்ஸுக்கு வரவில்லை என்பது போகப் போகத் தெரிந்தது. ஸ்காலர்ஷிப் ஃபாரம் எப்படி நிரப்புவது, இன்டர்னலில் மார்க் போனால் வீட்டுக்கு லெட்டர் போகுமா, சாம்பாரில் உப்பு ஏன் இவ்வளவு... கேள்விகள் இப்படித்தான். பொங்கலுக்கு முதலாமாண்டுக்காரர்கள் பானை வைத்தார்கள், நாங்கள் விறகு தூக்கினோம்.

2017-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்துக் கொடுத்தது. காலையில் விளையாட்டு, அப்புறம் ஓவியம், இசை, ஊரைச் சுற்றிப் பார்ப்பது, வாழ்க்கை மதிப்புகள் பற்றிய உரையாடல். பாடம் அதற்குப் பிறகுதான். நம் கல்லூரியிலும் வந்தது. ஆரம்பத்தில் சில துறைகள் அதை மூன்று வாரச் சொற்பொழிவாக மாற்றிவிட்டன என்று ஜூனியர்கள் அழுதார்கள். 2020-ல் கொரோனா வந்து, முதலாமாண்டுக்காரர்கள் கல்லூரியையே கைபேசியில் பார்த்தார்கள். அந்த வருஷம் ஹால் பூட்டிக் கிடந்தது. மறுபடி திறக்க வைத்தது அந்தக் கைபேசி செட்டுப் பிள்ளைகள்தான். சீனியர் முகமே பார்க்காதவர்கள், தாங்களே சீனியராகிப் போய் சாவி கேட்டிருக்கிறார்கள்.

போன ஆண்டு அறிமுகப் பயிற்சிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிஷம் பாலம், பீம் என்று பேசினேன். முடிந்ததும் ஒரு பெண் வந்து, "சார், நான் தமிழ் மீடியம்" என்று ஆரம்பித்தாள். ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் போர்டில் கவ்வி சரியாகத்தான் மாட்டியிருந்தது, திருகுதான் தளர்ந்திருந்தது. "முதல்லே பேரைச் சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு, இறுக்கிக் கொடுத்தேன்.

ஹால் இன்றைக்கும் சனிக்கிழமை இரண்டு மணிக்குத் திறக்கிறது. நம் சந்திப்பு நாளும் சனிக்கிழமைதான். சாப்பாட்டுக்கும் குரூப் போட்டோவுக்கும் நடுவே நான் அங்கேதான் இருப்பேன். தீக்குச்சி அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.