சிறு கல்லூரியின் பழைய தாள்கள்

சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் 1996-ஆம் ஆண்டில் சமுதாயக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியபோது, அப்பெயர் நம்மவர் பலருக்குப் புதிதாகவே இருந்தது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்க்கும் பட்டம் பெற வசதியற்றவர்க்கும் தொழிற்பயிற்சியோடு வாழ்க்கைக் கல்வியையும் அளிக்கும் அவ்வமைப்பின் முன்மாதிரி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அதன் வரலாறு, இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் ஆறே மாணவருடன் தொடங்குகிறது. அதற்கு வழிகோலியவர்களுள் ஒருவர், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகிய வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். அவர் எபிரேய மொழி வல்லுநர். ஆமோஸ், ஓசேயா ஆகிய இறைவாக்கினர் நூல்களுக்கு அவர் எழுதிய விரிவுரை 1905-இல் வெளிவந்தது. பட்டப்படிப்பின் முதல் ஈராண்டுச் சுமையைப் பல்கலைக்கழகத்தின் தோளிலிருந்து இறக்கி வைப்பதே அவரது நோக்கமாயிருந்தது என்பர். ஆயினும் எளியோர்க்காக வழக்காடிய ஆமோசை ஊன்றிக் கற்றவரே எளியோர் பயிலும் கல்லூரிக்கும் கால்கோள் இட்டார் என்பதை எண்ணுகையில் உள்ளம் மகிழவே செய்கிறது.

முதலில் 'ஜூனியர் கல்லூரி' என்றே வழங்கிவந்த இந்நிறுவனங்களுக்கு, அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் 1947-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின்னர் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் பரவலாயிற்று. இக்கல்லூரிகளின் நூலகங்களில் யாரும் அதிகம் எட்டிப் பாராத மூலையொன்று உண்டு. மாணவர் நடத்திய செய்தித்தாள்களும், மாணவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளும் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். அந்த மூலையைப் பற்றியே இக்கட்டுரை.

புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் மாணவர் இதழைக் காப்பதற்குப் பலர் இருப்பர். பழைய மாணவர் நன்கொடை தருவர். அமைச்சரானவர் இளமையில் எழுதியதைத் தேடி வரலாற்றாசிரியர் வருவர். ஈராண்டுக் கல்லூரியின் நிலை வேறு. வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடுபவரே அங்கு மிகுதி. இதழாசிரியர் பொறுப்பு ஒரு பருவம் அல்லது இரு பருவங்கள். அடுத்து வருபவர்க்கு முன்னவரின் பெயர்கூடத் தெரிவதில்லை. நினைவைச் சுமக்க ஆள் இல்லாத இடத்தில் தாள்தான் சுமக்க வேண்டும். அத்தாளோ மலிவான மரக்கூழ்த் தாள். மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட்டுத் தாள் பழுப்பேறுகிறது. உள்ளிருக்கும் அமிலம் இழைகளை அறுக்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளில் மடித்த இடமெல்லாம் முறிந்து விழுகிறது. படச்சுருளில் பதிந்தாயிற்று என்று சொல்லி மூலப்படிகளைக் கழித்துவிட்ட பெருநூலகங்களும் உண்டு. அச்செயலைக் கண்டித்து நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் 2001-இல் ஒரு நூலே எழுதினார். பெரிய நாளிதழ்களுக்கே இக்கதி என்றால், சிறு கல்லூரியின் நான்கு பக்க இதழைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். 1942-ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். ஜப்பானுடன் போர் மூண்ட நிலையில், அதிபர் ரூஸ்வெல்ட் அவ்வாண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். அதன் விளைவாக, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, நிலம், கடை அனைத்தையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். தனிமனிதர் எவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை, விசாரணையும் இல்லை. அவ்வேளையில் மேற்குக் கரைக் கல்லூரிகளில் பயின்றுகொண்டிருந்த ஜப்பானிய வழி மாணவர் சுமார் 2,500 பேர். பல்கலைக்கழகங்களில் மட்டுமன்றி, ஊருக்கு ஊர் இருந்த ஜூனியர் கல்லூரிகளிலும் அவர்கள் பயின்றனர். பருவம் முடியுமுன்னே அவர்களது இருக்கைகள் வெறுமையாயின. குவேக்கர் சபையினர் முன்னின்று அமைத்த ஒரு குழு, போர் முடிவதற்குள் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞரை நாட்டின் பிற பகுதிக் கல்லூரிகளில் சேர்த்தது. நம் திருச்சபையினர் அல்லாதார் செய்த அந்நற்பணியை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஆயினும் பலர் படிப்பை மீண்டும் தொடரவே இல்லை.

அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 2009-இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. சட்டமன்ற உறுப்பினர் வாரன் ஃபுருடானி கொண்டுவந்த மசோதா அது. 1942-இல் படிப்பு அறுபட்ட அம்மாணவர்க்கு, உயிரோடிருப்பினும் இறந்துபோயிருப்பினும், மாநிலக் கல்லூரிகள் மதிப்புறு பட்டம் வழங்க அது வழிசெய்தது. சமுதாயக் கல்லூரிகளும் அதில் அடக்கம். சட்டம் பிறந்துவிட்டது, பட்டம் பெற வேண்டியவர் யார் யார் என்பதோ எளிய வினாவாக இல்லை. முகாமிலிருந்து வெளிவந்தவர்கள் பழைய ஊருக்கே திரும்பினார்கள் என்று சொல்ல முடியாது; பெண்கள் பலர் மணமாகிப் பெயர் மாறியிருந்தனர். கல்லூரிகள் தம் பழைய பதிவேடுகளையும் ஆண்டுமலர்களையும் புரட்டவேண்டியதாயிற்று. பதிவேடு பெயரையும் மதிப்பெண்ணையும் சொல்லும். ஆண்டுமலர் முகத்தைக் காட்டும். அவன் எந்த அணியில் பந்தாடினான், அவள் எந்த மன்றத்தில் செயலராயிருந்தாள், யாரோடு சேர்ந்து சிரித்தாள் என்பதையெல்லாம் மாணவர் இதழன்றி வேறெது சொல்லும்? பட்டமளிப்பு மேடைகளில் தொண்ணூறை எட்டிய முதியோர் சிலர் கோலூன்றி ஏறினர். வர இயலாதவர்க்காகவும் மறைந்தவர்க்காகவும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து பெற்றுக்கொண்டனர்.

இனி மாணவர் ஆய்வுக் கட்டுரைகளுக்கு வருவோம். அதே கலிபோர்னியாவில் கூப்பர்டினோ என்னும் ஊரில் 1967-இல் டி ஆன்சா என்ற சமுதாயக் கல்லூரி தொடங்கப்பட்டது. 'லா வோஸ்', அதாவது 'குரல்', என்ற மாணவர் செய்தித்தாளும் உடன் பிறந்தது. அங்கு 1969-இல் உருவான கலிபோர்னியா வரலாற்று மையம், வட்டார வரலாற்றை மாணவரைக் கொண்டே எழுதச் செய்தது. அவர்கள் எழுதிய கட்டுரைகளும், ஊராரைப் பேசவைத்துப் பதிந்த ஒலிநாடாக்களும், பழைய மாளிகையொன்றைப் புதுப்பித்து அமைத்த மையத்தில் காக்கப்பட்டு வருகின்றன. காலம் நெருக்கிய வேளை அது. சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் ஆப்ரிகாட், பிளம், செர்ரித் தோட்டங்களால் நிறைந்தது. பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்குப் பேர்போனது. 'சிலிக்கன் பள்ளத்தாக்கு' என்ற பெயர் 1971-இல்தான் அச்சேறியது. ஒருபுறம் மரங்கள் வெட்டப்பட, மறுபுறம் மாணவர் குறிப்பேட்டோடு திரிந்துகொண்டிருந்தனர்.

மெக்கின்டாஷ் கணினியை ஆப்பிள் நிறுவனம் 1984 ஜனவரி 24-ஆம் நாள் இதே கல்லூரியின் ஃப்ளின்ட் அரங்கில்தான் அறிமுகம் செய்தது. அந்நாளை நினைவில் வைத்திருக்க உலகமே இருக்கிறது. அரங்கு 2019-இல் மூடப்பட்ட பின்னரும் அதன் புகழ் குன்றவில்லை. ஆலையில் பழம் நறுக்கிய பெண்களை நினைவில் வைத்திருக்க அம்மாணவரின் தட்டச்சுத் தாள்களே பெரிதும் உதவும். அவற்றில் பிழைகள் மலிந்திருக்கலாம். பருவ இறுதியின் அவசரம் வெளிப்படலாம். அறிஞர் அவற்றை ஆய்வென்று ஏற்கத் தயங்குவதும் இயல்பே. ஆனால் அறிஞர் யாரும் போய்க் கேட்காத காலத்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று அண்டைவீட்டுப் பாட்டியிடம் போய்க் கேட்டது. பாட்டி மறைந்த பின் அந்தக் கேள்வியை யாரும் கேட்க முடியாது.

பாதுகாப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய மாணவர் இதழ்கள் இன்று கணினியில் ஏற்றப்படுகின்றன. இருபது வயதில் யாரோ எழுதிய கோபக் கட்டுரையும், காவல்நிலையம் வரை சென்ற சிறு தவறும், வேலை தேடும் நாளில் ஒரு நொடியில் எதிரே வந்து நிற்கின்றன. "அதை அழித்துவிடுங்கள்" என்று மன்றாடும் மடல்கள் மாணவர் இதழ்களுக்கு வருகின்றன. ஒப்புரவு அருளடையாளத்தில் பாவத்தை மன்னித்து, கேட்டதை வெளியே சொல்லாதிருக்கும் கடமை பூண்ட எனக்கு அம்மன்றாட்டு அந்நியமாக ஒலிக்கவில்லை. அதே சமயம், திருமுழுக்குப் பதிவேட்டின் பக்கத்தைக் கிழிக்க எந்தப் பங்குப்பணியாளருக்கும் உரிமையில்லை என்பதையும் அறிவேன். பின்னாளில் நேரும் மாற்றத்தை ஓரத்தில் குறிப்பாக எழுதிவைக்கிறோம். முன்னர் எழுதியது அப்படியே நிற்கிறது. மாணவர் இதழ்கள் சிலவும் ஏறத்தாழ இம்முறையையே கைக்கொள்கின்றன. வழக்குத் தள்ளுபடியாயிருந்தால் அதைப் பின்குறிப்பாகச் சேர்க்கின்றன. சில வேளை, தேடுபொறியின் கண்ணில் படாதவாறு அச்செய்தியை விலக்கி வைக்கின்றன. அச்சிட்ட படி அலமாரியில் இருக்கும். அதைக் காண விரும்புபவர் நூலகத்திற்கு நேரில் வந்து, நூலகரிடம் கேட்டு, தூசி தட்டிப் பார்க்க வேண்டும்.