தலைப் படர்தாமரையும் எக்சுக் கதிரும்

முடியுதிர்வு என்றதும் முதுமையும் மரபுமே பெரும்பாலார் நினைவிற்கு வருவன. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் வைத்தியரையும் பள்ளி அதிகாரிகளையும் பெரிதும் வருத்தியது முதியோரின் வழுக்கையன்று; சிறுவர் தலையில் வட்டவட்டமாக முடி உதிர்ந்து, செதில் படிந்து தோன்றிய படர்தாமரையே. இந்நோய் உயிரைக் கொல்வதன்று. இதன் பெருவழக்கான வகை, பிள்ளை பருவமடையுங் காலத்தில் மருந்தின்றியே மறைந்துபோவதும் உண்டு. அங்ஙனமாகவும், இதனைத் தீர்ப்பதற்கெனக் கையாளப்பட்ட முறைகள் சில நோயினும் கொடியனவாயின. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பது மருத்துவ வரலாற்றில் ஊன்றிக் கற்கத்தக்க ஒரு பகுதியாகும்.

நோயின் பெயர்களே முன்னோரின் எண்ணத்தைக் காட்டுவன. தமிழில் அது படரும் இயல்பு நோக்கிப் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் அதனை வளையப் புழு என்றனர். இலத்தீன் மொழியிலோ, துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவைக் குறிக்கும் 'தீனியா' என்னுஞ் சொல்லே இதற்குப் பெயராயிற்று. அந்து அரித்த கம்பளிபோலத் தலை தோன்றியமையாற் போலும்! உண்மையில் இதிற் புழு எதுவும் இல்லை. 'பேவசு' எனப்படும் மற்றொரு வகையில் மஞ்சள் நிறப் பொருக்குகள் சிறு கிண்ணங்கள்போற் படியும்; அது முடியின் வேரையே அழித்து, ஆறாத வடுவையும் நிலையான வழுக்கையையும் விட்டுச்செல்வது.

பழைய சிகிச்சை யாவும் ஒரே நோக்குடையவை. நோயுற்ற முடியைப் பிடுங்கிவிடுதலே அந்நோக்கு. பிரான்சிற் கீல் பூசிய துணித்தொப்பியைப் பிள்ளையின் தலையில் ஒட்டச்செய்து, பின்னர் முடியோடு சேர்த்து ஒரே இழுப்பிற் பெயர்த்தெடுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாகோன் சகோதரர் என்போர் வைத்தியக் கல்வி பெறாதவராயினும், முடியை நோவின்றி உதிர்க்கும் இரகசியத் தூள் ஒன்றைக்கொண்டு பாரிசு மருத்துவமனைகளிற் சிகிச்சை நடத்தினர். கீல் தொப்பியைக் கண்டஞ்சிய தாய்மாருக்கு அத்தூள் எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நோயின் காரணத்தை அறிந்தவர் அங்கேரியிற் பிறந்து வியன்னாவிற் கற்றுப் பாரிசிற் குடியேறிய யூத வைத்தியர் தாவீது குரூபி ஆவர். 1841ஆம் ஆண்டு முதல் 1844ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்திற்கு அவர் சமர்ப்பித்த சிற்றறிக்கைகள், நோயுற்ற முடியை நுணுக்குக் காட்டியில் வைத்து நோக்கியபோது அதனுட் பங்கசு வளர்ந்திருக்கக் கண்டமையை எடுத்துரைத்தன. சிறுவரிடையே பரவும் வகைக்குக் காரணமான பங்கசிற்கு, இயற்கை விஞ்ஞானி ஒதுவன் என்பாரின் நினைவாக 'மைக்கிரோசுப்போரம் ஒதுவினி' எனப் பெயரிட்டவரும் இவரே. நோய்களுக்கு நுண்ணுயிர் காரணம் எனப் பாசுத்தர் நிறுவுவதற்குப் பல்லாண்டு முன்னரே இஃது நிகழ்ந்தது. ஆயினும் தோல்நோய்த் துறைக்குப் புகழ்பெற்ற பாரிசுச் சென் லூயி மருத்துவமனையின் பேராசிரியர் சிலர் இதனை ஏற்க மறுத்தனர். நோய் உடலின் உள்ளிருந்து எழுவது என்பது அவர்தம் கொள்கை. குரூபியோ வாதாடி நில்லாது தம் வைத்தியத் தொழிலுட் புகுந்துகொண்டார். இசைவல்லார் சோப்பினும் கவிஞர் ஐனேயும் அவரிடம் மருந்துண்டனர். சில ஆண்டுகள் கழித்து அதே மருத்துவமனையில் ஏர்னெசுற் பசன் என்பார் பங்கசுக் கொள்கையை ஏற்ற பின்னரே அது நிலைபெற்றது.

காரணம் அறியப்பட்டமையால் நோய் தீர்ந்துவிடவில்லை. மாறாக, பிள்ளைகளின் நிலை ஒருவகையில் மோசமாயிற்று. தொற்றுநோய் என்பது தெளிவானதும் பள்ளிகள் கதவடைத்தன. பூசுமருந்து எதுவும் முடிவேரின் ஆழத்திலுள்ள பங்கசை எட்டவில்லை. ஆதலால் நோயுற்ற பிள்ளை ஈராண்டுவரை கல்வியை இழந்திருக்க நேர்ந்தது. பாரிசில் மருத்துவமனைக்குள்ளேயே இப்பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளி அமைந்தது. இலண்டனிலும் தனிப் பள்ளிகள் தோன்றின. நோயின் கொடுமையிலும் பள்ளி இழப்பே சிகிச்சையை விரைவுபடுத்தத் தூண்டிற்று என்பதை மறத்தலாகாது.

சென் லூயி மருத்துவமனையில் பாரிசு நகரசபையின் ஆய்வுகூடத்தை நடத்திய இரைமன் சபூரோ (1864 - 1938) இந்நோயைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். பங்கசுகளை வளர்ப்பதற்கு அவர் வகுத்த ஊடகம் இன்றும் உலக ஆய்வுகூடங்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1895ஆம் ஆண்டில் எக்சுக் கதிர் கண்டறியப்பட்டதும், மறு ஆண்டிலேயே வியன்னாவில் இலெயோபோல்ட் புரொயிண்டு என்பார் முடியடர்ந்த மச்சமுடைய சிறுமி ஒருத்திக்கு அதனைப் பாய்ச்சி முடியை உதிர்த்தார். சபூரோவும் நுவாரேயும் 1904ஆம் ஆண்டில் இதனைப் படர்தாமரைக்கு ஒழுங்குபட்ட சிகிச்சையாக்கினர்.

எக்சுக் கதிர் பங்கசைக் கொல்வதில்லை. விரைந்து பிரியும் முடிவேர்க் கலங்களை அது தற்காலிகமாகத் தளர்த்தும். ஏறத்தாழ மூன்று கிழமையில் முடி, பங்கசோடு சேர்ந்து உதிரும். சில மாதங்களிற் புதுமுடி முளைக்கும். அளவு குறைந்தால் முடி உதிராது. மிகுந்தால் மீண்டும் முளையாது. கதிர் படும்போது நிறம் மாறும் சிறு வில்லையைக்கொண்டு அவ்வளவைக் கணித்தமையே அவர்களின் திறமை. ஈராண்டுச் சிகிச்சை சில மாதங்களாகக் குறுகிற்று. பின்னர் கீன்பெக்கு, அதம்சன் என்போர் தலையை ஐந்து இடங்களாக வகுத்து முழுமையுங் கதிர்படச்செய்யும் முறையை வகுத்தனர். அதுவே அரை நூற்றாண்டுக்கு எங்கும் வழக்காயிற்று. அக்காலத்து மாற்று முறையான தாலிய உப்பை உண்பித்தல், பிள்ளைகள் சிலரின் உயிரையே கவர்ந்தது. அதனோடு ஒப்பிட்டோர்க்குக் கதிர்ச் சிகிச்சை பெருங்கொடையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஈண்டுதான் வழு நுழைந்தது. கதிர்க் கருவியோடு உழைத்தோர் கைகளிற் புற்றுநோய் தோன்றுதல் 1902ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டிருந்தது. ஆயினும் பிள்ளையின் முடி மீண்டும் செழித்து முளைத்தமை கண்டு, தீங்கொன்றும் நேரவில்லை என வைத்தியர் அமைதி கொண்டனர். கண்ணுக்குப் புலனாகும் முடி அளவுகோலாயிற்று. மண்டையோட்டின் கீழுள்ள மூளையும், கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியும் கணக்கில் எடுக்கப்படவில்லை.

நோயோடு வேறோர் அச்சமும் சேர்ந்தது. 1891ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அருவருக்கத்தக்க தொற்றுநோயுடையோர் குடிபுகுதலைத் தடுத்தது. பேவசு அவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கடல் கடந்துவந்த குடும்பம், ஒரு பிள்ளையின் தலைப் பொருக்கினாற் பிரிக்கப்படவோ திருப்பியனுப்பப்படவோ கூடும். இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்திற் போலந்து முதலிய நாடுகளில் யூதப் பிள்ளைகள் பல்லாயிரவர்க்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டில் இசுரவேல் நாடு உருவானபின், மொறொக்கோ முதலிய வட ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 1960ஆம் ஆண்டளவுவரை இது பரவலாக நடைபெற்றது. மொழியறியாப் பெற்றோர் பலர்க்குத் தம் பிள்ளைக்குச் செய்யப்படுவது யாதென விளங்கியிருத்தல் அரிது.

இதனிடையே மெய்யான மருந்து ஆய்வுகூட அலுமாரியில் உறங்கிக்கிடந்தது. 1939ஆம் ஆண்டில் இலண்டனில் ஒக்சுபோட், இரெயிசுற்றிக்கு, சிமொனார் ஆகிய மூவர் பெனிசிலிய வகைப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து கிரிசியோபல்வின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பற்றீரியாக்களை அது ஒன்றுஞ் செய்யாமையாற் கவனிப்பார் இலராயினர். பின்னர் பிரயன் என்பாரும் உடனுழைத்தோரும், இங்கிலாந்தின் வேறம் என்னும் புதர்நிலத்தில் ஊசியிலை மரங்கள் வளராமைக்குக் காரணம் தேடினர். அம்மண்ணில் வாழ்ந்த பூஞ்சணம் ஒன்று, பிற பங்கசுகளின் இழைகளைச் சுருளச்செய்யும் பொருளைச் சுரத்தலை 1946ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது கிரிசியோபல்வினே என்பது மறு ஆண்டிற் புலனாயிற்று. அப்போதும் அது பயிர்நோய்க்குரிய பொருளாகவே கருதப்பட்டது. 1958ஆம் ஆண்டிற் கிளாசுக்கோவில் செந்தில்சு என்பார் படர்தாமரையுற்ற கினிப்பன்றிகளுக்கு அதனை உண்பித்து நோயைத் தீர்த்தார். உண்ட மருந்து புதிதாக உருவாகும் முடியிற் சேர்கிறது. பங்கசு அதிற் பரவ இயலாது. பழைய முடி வளர்ந்து நீங்க, நோயும் நீங்குகிறது. அதன்பின் கதிர்ச் சிகிச்சை படிப்படியாகக் கைவிடப்பட்டது. இன்றும் தலைப் படர்தாமரைக்கு உண்ணும் மருந்தே இன்றியமையாதது. களிம்பு மட்டும் போதாது.

சிகிச்சை நின்றது, விளைவு நிற்கவில்லை. 1960களின் இறுதியில் ஆய்வாளர் சிலர் பிள்ளைத் தலையின் மாதிரியுருவைச் செய்து, பழைய முறைப்படி கதிர் பாய்ச்சி அளந்தனர். மூளை பெற்ற கதிரளவு சராசரியாக ஏறத்தாழ 1.5 கிறே எனப் பிற்காலத்திற் கணிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டில் இசுரவேல் வைத்தியர் பாரூக்கு மொதான், கதிர் பெற்ற ஏறத்தாழ 11,000 பேரைக் கதிர் பெறாதவரோடும் அவர்தம் உடன்பிறந்தாரோடும் ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார். மூளைக் கட்டிகளும் தைரொயிட்டுப் புற்றுநோயும் கதிர் பெற்றோரிடமே மிகுந்திருந்தன. 1988ஆம் ஆண்டு ஆய்வில் மூளையுறைக் கட்டி ஒன்பது மடங்கிற்கு மேற்பட்டமை தெரியவந்தது. கதிர் பெற்றோரிற் பெரும்பாலோர் இந்நோய்களுக்கு ஆளாகவில்லை என்பதும் உடன் கூறற்பாலது. ஆயினும், பருவமடையும்போது தானே மறைந்திருக்கக்கூடிய ஒரு தோல்நோய்க்காக இவ்விடர் சுமத்தப்பட்டது என்பதை எண்ணும்போது அவ்வாறுதல் சிறிதாகிவிடுகின்றது.

1994ஆம் ஆண்டில் இசுரவேல் பாராளுமன்றம், சிறுவயதில் இக்கதிர்ச் சிகிச்சை பெற்றுப் பின் நோயுற்றோர்க்கு இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது. முகாம்களிற் சிகிச்சை பெற்ற அப்பிள்ளைகள் அப்போது நாற்பதும் ஐம்பதும் கடந்தவராயிருந்தனர்.