இறுதிவரை உடனிருக்கும் இல்லம்



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன அரியணைகளும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமே. கோட்டை கட்டியவன் பெயர் பாடப் புத்தகத்தில் நிலைத்து நிற்கிறது. நோயாளியின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்தவர் பெயர் அங்கே இடம்பெறுவது அரிது. பல்லாண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். ஒரு சமுதாயத்தின் நாகரிகத்தை அளக்க விரும்பினால், இனிப் பிழைத்தெழ மாட்டார் என்று தெரிந்த ஒருவரை அச்சமுதாயம் எவ்வாறு நடத்தியது என்று கேட்க வேண்டும் என்பது என் துணிபு. அந்தக் கேள்விக்குச் செயலால் விடை கூறிய ஓர் இல்லத்தின் கதையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இறக்கும் தறுவாயில் உள்ளோரைப் பேணும் இல்லத்தை ஆங்கிலேயர் 'ஹாஸ்பிஸ்' என்பர். இச்சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல் விருந்தோம்புபவன், விருந்தினன் ஆகிய இருவரையுமே குறிப்பதாகும். இடைக்கால ஐரோப்பாவில் யாத்திரிகரும் வழிப்போக்கரும் தங்கி இளைப்பாறவும், நோயுற்றால் பராமரிக்கப்படவும் துறவியர் விடுதிகள் நடத்தினர். நம் நாட்டுச் சத்திரங்களை நினைத்துக்கொண்டால் இதன் பொருள் எளிதில் விளங்கும். 1842ஆம் ஆண்டு பிரான்சிலுள்ள லியோன் நகரில், கணவனையும் குழந்தைகளையும் இழந்த ழான் கார்னியே என்ற பெண்மணி, தம்மைப் போன்ற கைம்பெண்களை ஒன்றுசேர்த்து, தீராநோய் கொண்டோருக்குத் தொண்டாற்றத் தொடங்கினார். 1879இல் டப்ளின் நகரிலும், 1905இல் லண்டனின் ஹாக்னிப் பகுதியிலும் அயர்லாந்துக் கன்னியர் இத்தகைய இல்லங்களைத் திறந்தனர். வழிப்போக்கர்க்கு உரியதாய் இருந்த சொல், வாழ்க்கைப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் இருப்போர்க்கு உரியதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் மருத்துவம் வியத்தகு முன்னேற்றம் கண்டது. புதிய மருந்துகள் வந்தன. அறுவை முறைகள் வளர்ந்தன. ஆயினும் அந்த வெற்றிக்குள்ளேயே ஒரு குறையும் விளைந்தது. நோயைத் தீர்ப்பதே மருத்துவமனையின் வேலை என்றானபின், தீராத நோயாளிக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு மருத்துவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். வலி தாங்காமல் கேட்ட பிறகே மருந்து தரப்பட்டது.

இந்நிலையை மாற்றியவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார். 1918இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி பெற்றார். முதுகுவலி காரணமாக அத்தொழிலைத் தொடர இயலவில்லை. ஆகவே, நோயாளிகளின் குடும்ப நலனைக் கவனிக்கும் சமூகப் பணியாளரானார்.

அப்பணியின்போது, 1947இல், டேவிட் டாஸ்மா என்பவரைச் சந்தித்தார். அவர் வார்சாவிலிருந்து வந்த போலந்து நாட்டு யூதர். வயது நாற்பது, நோயோ புற்றுநோய். அந்நிய மண்ணில் உற்றாரின்றிக் கிடந்த அவரிடம் சாண்டர்ஸ் அடிக்கடி சென்று பேசினார். இறக்கப் போகிறவர் நிம்மதியாய் இருக்கத்தக்க இல்லம் ஒன்றைப் பற்றி இருவரும் சேர்ந்து சிந்தித்தனர். 1948இல் டாஸ்மா மறைந்தபோது, தம்மிடமிருந்த 500 பவுனை அம்மையாருக்கு எழுதி வைத்திருந்தார்; நீ கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்றும் கூறியிருந்தார். சன்னல் கிடைத்துவிட்டது. சுவர் எழும்பப் பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.

அவ்வாண்டுகளை அம்மையார் வீணாக்கவில்லை. இறப்போரைக் கைவிடுகிறவர்கள் மருத்துவர்களே. ஆகையால் நீ மருத்துவம் படி என்று நார்மன் பாரெட் என்ற அறுவை மருத்துவர் அறிவுரை கூறினார். முப்பத்துமூன்று வயதில் மாணவியாகி, 1957இல் மருத்துவரானார். பின்னர் ஹாக்னி இல்லத்தில் ஏழாண்டுகள் பணியாற்றினார். வலி வந்தபின் மருந்து கொடுப்பதை விடுத்து, வலி தலைதூக்கும் முன்பே கடிகாரம் பார்த்துக் குறித்த வேளைகளில் மார்ஃபின் மருந்தைக் கொடுக்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். இதனால் நோயாளிகள் போதைக்கு அடிமையாவர் என்று பலர் அஞ்சினர். அம்மையார் வாதாடுவதோடு நிற்காமல், நோயாளி ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பெழுதி வைத்தார். தெளிந்த அறிவோடும் அமைதியோடும் அவர்கள் இருப்பதை அக்குறிப்புகள் காட்டின.

வலி உடலோடு நிற்பதில்லை என்பதையும் அவர் கண்டார். மனத்தின் அச்சம், குடும்பத்தைப் பற்றிய கவலை, 'என் வாழ்வுக்கு என்ன பொருள்?' என்ற கேள்வி ஆகிய யாவும் வலியே. இவற்றைச் சேர்த்து 'முழு வலி' என்று பெயரிட்டார். உடல்வலிக்கு மருந்து போதும். மற்றவற்றுக்கு மனிதர் வேண்டும். மனிதர் கூடி வாழும் இல்லம் ஒன்று தேவைப்பட்டதன் காரணம் இதுவே.

1967ஆம் ஆண்டு, தென்கிழக்கு லண்டனில் சிடன்ஹம் என்னுமிடத்தில் அந்த இல்லம் திறக்கப்பட்டது. பயணிகளின் காவலராகக் கிறிஸ்தவர் போற்றும் புனித கிறிஸ்டபரின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. அங்கே நோயாளிகளுக்கு 54 கட்டில்கள் இருந்தன. அதே கூரையின்கீழ் முதியோர் வசிக்கத் தனிப்பகுதியும், பணியாளர்களின் குழந்தைகள் விளையாட இடமும் அமைக்கப்பட்டன. பிள்ளைகளின் சிரிப்பொலியும், முதியோரின் உரையாடலும், நோயாளியின் இருமலும் ஒரே இல்லத்தில் கேட்டன. உறவினர் வந்து அமர்வதற்குத் தடையில்லை. ஆயினும் வாரத்தில் திங்கட்கிழமை மட்டும் பார்வையாளர் வரவேண்டியதில்லை என்று ஏற்பாடு செய்திருந்தனர். நாள்தோறும் வந்து களைத்த மனைவியோ மகனோ குற்ற உணர்ச்சியின்றி ஒருநாள் ஓய்வெடுக்கட்டும் என்பதே அதன் நோக்கம். உறவினரின் களைப்பையும் கணக்கில் கொண்ட அன்பு அது! 1969 முதல் இல்லத்தின் செவிலியர் வீடுகளுக்கே சென்று பணிபுரியலாயினர். நுழைவாயிலில் டாஸ்மாவின் நினைவாக ஒரு சன்னலும் அமைந்தது. 2005இல் அம்மையார் தாமும் அந்த இல்லத்திலேயே கண்மூடினார்.

இந்த எண்ணம் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. 1986இல் பம்பாயில் 'சாந்தி அவேதனா சதன்' என்னும் இல்லம் தொடங்கப்பட்டது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். கேரளத்தில் இப்பணி வேறொரு வடிவம் கொண்டது. பெரிய கட்டிடங்கள் எழுப்புவதைவிட, அண்டை அயலாரையே தொண்டர்களாகப் பயிற்றினர். சிறுதொகைகளைச் சேர்த்து, நோயாளியின் வீட்டுத் திண்ணைக்கே உதவியைக் கொண்டு சென்றனர். 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.

ஆயினும் ஒரு முரண்பாட்டை நீங்கள் அறிய வேண்டும். மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபினை அரசின் அனுமதியோடு விளைவிக்கும் நாடு நம் நாடு. அத்தகைய நாட்டிலே, 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால், வலியால் துடித்த நோயாளிகளுக்கு அம்மருந்து எட்டாக்கனியாயிற்று. 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. ஒரு சட்டப்பிரிவு எங்கோ ஒரு குடிசையில் கிடக்கும் முதியவரின் இரவுத் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது என்பதை, நாளை சட்டமியற்றவும் மருத்துவம் பார்க்கவும் போகும் நீங்கள் மறத்தலாகாது.

முதியோரை வீட்டைவிட்டு அனுப்புவது அறமா என்று நம்மவர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. ஆனால் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் தனித்து விடப்பட்டவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். கூரை எவருடையது என்பதைக் காட்டிலும், கட்டிலருகே நாற்காலியில் எவரேனும் இருக்கின்றனரா என்பதே முதன்மையானது. நோயைத் தீர்க்கும் ஆற்றல் சிலருக்கே வாய்க்கும். உடனிருக்கும் ஆற்றல் நம் எல்லோர்க்கும் உண்டு. உங்கள் இல்லத்திலோ தெருவிலோ படுக்கையில் இருக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். இன்று மாலை அவரிடம் சென்று கால்மணி நேரம் அமர்ந்து பேசுங்கள்.