மலையில் பெட்ரோல் பம்ப்செட்: திறன் குறையாமல் பராமரிப்பது எப்படி?

கிளாவரை போன்ற மேல்மலைக் கிராமங்களில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்குக்கு ஓடைத் தண்ணீர் இறைக்கும் சிறிய பெட்ரோல் இன்ஜின் சமவெளியில் இழுப்பதுபோல் இழுக்காது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் திறன் ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். எனவே சற்றுக் கூடுதல் குதிரைத்திறன் உள்ள இன்ஜினை வாங்குங்கள்.

ஸ்பார்க் பிளக் கரி படிந்து கறுத்தால் முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். மீண்டும் கறுத்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. மெக்கானிக்கிடம் காட்டி, கார்புரேட்டரில் மலைக்கேற்ற சிறிய ஜெட் பொருத்துங்கள். அதே இன்ஜினைச் சமவெளிக்குக் கொண்டுசென்றால் பழைய ஜெட்டை மாட்டிய பிறகே ஓட்ட வேண்டும். இல்லையெனில் சூடேறிப் பழுதாகும்.

மலையில் பம்பின் உறிஞ்சும் திறனும் குறையும். நீர்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள் பம்பை வையுங்கள். பருவம் முடிந்ததும் டேங்க், கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.