கடைசல் பட்டறைக்கு வந்த புள்ளியியல்

ஓசூர் சிப்காட்டில் உள்ள பெரிய தொழிற்சாலைகளில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் தொங்குவதைப் பார்க்கலாம். நடுவில் ஒரு கோடு, மேலே ஒன்று, கீழே ஒன்று, இடையில் வரிசையாகப் புள்ளிகள். பல இடங்களில் அது இப்போது கம்ப்யூட்டர் திரைக்கு மாறிவிட்டது. ஐ.டி.ஐ. முடித்து வந்தவர்கூட அதைப் பார்த்து மெஷினின் நிலைமையைச் சொல்லிவிடுவார். இந்தச் சின்னப் படம் இங்கே வந்து சேர்ந்த கதை கொஞ்சம் நீளமானது.

1924 மே 16 அன்று அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்ட்டர் ஷூஹார்ட், தன் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். அந்தக் குறிப்பில்தான் முதல் கட்டுப்பாட்டு வரைபடம் இருந்தது. விஷயம் எளிமையானது. லேத்தில் 20 மி.மீ. பின் ஒன்றைக் கடைகிறோம். ஒன்று 20.01 வரும், இன்னொன்று 19.99 வரும். இது இயல்பு. ஒவ்வொரு முறையும் பதறி மெஷினைத் திருகினால் வித்தியாசம் குறையாது, கூடத்தான் செய்யும். அவ்வப்போது நான்கைந்து பின்களை எடுத்து அளந்து, சராசரியைப் புள்ளியாக வைத்துக்கொண்டே வர வேண்டும். புள்ளி எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் தேய்ந்த டூல் போன்ற தனிக்காரணத்தைத் தேட வேண்டும்.

இதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி? 1938-ல் ஷூஹார்ட் வாஷிங்டனில் நான்கு சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றை ஏற்பாடு செய்து, பிறகு தொகுத்துப் புத்தகமாக்கியவர் எட்வர்ட்ஸ் டெமிங். உலகப்போர்க் காலத்தில், 1942-ல், டெமிங்கின் யோசனைப்படி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பத்து நாள் பயிற்சி வகுப்பு தொடங்கியது. பொறியாளர்கள் ஆர்வமாகக் கற்றார்கள். ஆனால் போர் முடிந்ததும் எல்லாம் மங்கிப்போனது. முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும் சொல்லித்தராமல் விட்டதுதான் தவறு என்று டெமிங் பின்னாளில் சொன்னார்.

சரி, அப்போது இந்தியா எங்கே இருந்தது? பலர் நினைப்பதுபோல் நாம் பின்தங்கி இருக்கவில்லை. 1931-ல் மஹாலனோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். கர்நாடகத்தின் ஹடகலியில் பிறந்த சி.ஆர். ராவ், கணிதத்தில் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல், ராணுவத்தில் ஒரு வேலைக்கான நேர்காணலுக்காகக் கல்கத்தா போனார். அந்த வேலை கிடைக்கவில்லை. அங்கே தற்செயலாகத்தான் அந்த நிறுவனத்தின் பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1941 ஜனவரியில் சேர்ந்தார்.

சில வருடங்களில் அவரே பாடம் நடத்தினார். 1944-ல் ஒரு வகுப்பில், பெரிய மாதிரிகளுக்கு ஃபிஷர் சொன்ன முடிவைச் சின்ன மாதிரிகளுக்கும் நிரூபிக்க முடியாதா என்று தண்டேகர் என்ற மாணவர் கேட்டார். ராவ் அன்று இரவே உட்கார்ந்து நிரூபித்தார். 1945-ல் வெளியான அதுதான் இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கும் கிராமர்-ராவ் சமனிலி. நல்ல பயிற்சி வகுப்பில் மாணவர் மட்டும் கற்பதில்லை!

1947-48 குளிர்காலத்தில் மஹாலனோபிஸின் அழைப்பின் பேரில் ஷூஹார்ட்டே இந்தியா வந்தார். மூன்று மாதம் நாட்டைச் சுற்றி, தொழிலதிபர்களுக்கும் பொறியாளர்களுக்கும் தரக்கட்டுப்பாட்டை விளக்கினார். 1950-களில் மும்பை, கல்கத்தா, பெங்களூர் நகரங்களில் புள்ளியியல் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு மையங்கள் வந்தன. பெங்களூரிலிருந்து ஓசூர் சுமார் 40 கி.மீ. தான்.

டெமிங் டோக்கியோவில் எட்டு நாள் வகுப்பு நடத்தியது 1950-ல். அதாவது ஷூஹார்ட் இந்தியா வந்து போன பிறகு! அமெரிக்கத் தவறு மறுபடி நடக்கக்கூடாது என்று அவர் இந்த முறை கம்பெனித் தலைவர்களையும் தனியாகச் சந்தித்துப் பேசினார். அடுத்த வருடமே அங்கே டெமிங் பரிசு ஏற்படுத்தப்பட்டது.

அந்தப் பரிசு இந்தியாவுக்கு வர 1998 ஆனது. டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு அதை முதலில் வாங்கியது. 1980-ல் ஓசூரில் மொபெட் தயாரிக்கத் தொடங்கிய டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் வாங்கியது.

இடையில் அரை நூற்றாண்டு ஏன்? ஆசிரியர் இல்லாமல் இல்லை, வகுப்பு இல்லாமலும் இல்லை. தேவை இல்லாமல் இருந்தது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டி வருடக்கணக்கில் ஜனங்கள் காத்திருந்த காலத்தில், எதைச் செய்தாலும் விற்றது. 1991-க்குப் பிறகு போட்டி வந்ததும் முதலாளிகளே மாணவர்களாகி உட்கார்ந்தார்கள்.

இன்று ஆராய்ச்சி மாணவர்களுக்குப் புள்ளியியல் பயிலரங்குகளுக்குக் குறைவில்லை. ஐந்து நாள் வகுப்பு, ஒரு சாஃப்ட்வேர், கடைசியில் சான்றிதழ். எந்தப் பட்டனை அழுத்தினால் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வரும் என்பதோடு வகுப்பு முடிந்துவிடுவதும் உண்டு. லேத் முன்னால் நிற்பவர் புள்ளியைத் தப்பாகப் படித்தால் ஒரு ஷிப்டின் உற்பத்தி முழுக்க ரிஜெக்ட் ஆகும். அதனால் அவர் கவனமாகப் படிக்கிறார். ஆய்வுக் கட்டுரையில் வரும் தப்பு அவ்வளவு சீக்கிரம் தெரிவதில்லை. அதைக் கண்டுபிடிக்க, தண்டேகரைப் போல எழுந்து கேள்வி கேட்கும் ஒரு மாணவர் வேண்டும்.