இலக்கணம் பார்த்த ஆயர்

அலெக்சாந்திரியா ஆயர் அதனாசியஸ் 367-இல் எழுதிய கடிதத்தில்தான் வெளிப்படுத்தின விசேஷம் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் ஒன்றாகப் பட்டியலேறியது. அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் அதே பீடத்தில் ஒரு நூற்றாண்டு முன்பு அமர்ந்திருந்த டயோனீசியஸைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. 250-இல் ரோமப் பேரரசர் டேசியஸின் கிறிஸ்தவ வேட்டையில் தப்பியவர். 257-இல் பேரரசர் வலேரியனால் நாடு கடத்தப்பட்டவர். ரோமை மிருகமாகக் காட்டும் இந்த நூலைத் தலையில் வைத்துக் கொண்டாட அவரைவிடக் காரணம் உள்ளவர் யார்? அவரோ அதன் இலக்கணத்தைச் சோதிக்க உட்கார்ந்தார்.

வினை கிளம்பியது எகிப்தின் அர்சினோயே வட்டாரத்தில். வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் கிறிஸ்துவின் ஆயிரம் ஆண்டு ஆட்சி இந்த மண்ணில்தான் நடக்கும், அதை உருவகம் என்பவர்கள் தவறு என்று நேப்போஸ் என்ற எகிப்திய ஆயர் ஒரு நூலே எழுதிவைத்துப் போயிருந்தார். அதை நம்பி ஊர் ஊராகச் சபைகள் பிளந்தன. தலைநகரில் இருந்தபடியே ஓர் ஆணை போட்டிருக்கலாம் டயோனீசியஸ். நேரில் போனார். கிராமத்து மூப்பர்களையும் போதகர்களையும் கூட்டினார், பொதுமக்களையும் வரவிட்டார். நேப்போஸின் நூலை நடுவில் வைத்து மூன்று நாள், காலை முதல் மாலை வரை விவாதம். மறைந்தவரின் விசுவாசத்தையும் அவர் தந்த பாடல்களையும் மனதாரப் புகழ்ந்துவிட்டே கருத்தை மறுத்தார். கடைசியில் எதிரணித் தலைவர் கொராகியோன் எல்லோர் முன்னிலையிலும் தன் நிலையைக் கைவிட்டார். எனக்கு இந்த மூன்று நாள், எதிராளிகளைச் சபித்த நைசியா சங்கத்தைவிடப் பெரிது. இங்கே யாரும் சபிக்கப்படவில்லை.

பிறகு டயோனீசியஸ் எழுதிய மறுப்பின் பகுதிகள் யூசேபியஸின் திருச்சபை வரலாற்றில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. யோவான் சுவிசேஷத்தை எழுதியவரும் இந்நூலை எழுதியவரும் ஒருவர்தானா என்று அதில் கேட்டார். நான்காம் சுவிசேஷக்காரர் தன் பெயரைச் சொல்வதே இல்லை. காட்சி கண்டவரோ 'யோவான்' என்று மறுபடி மறுபடி சொல்கிறார். ஒருவரின் கிரேக்கம் பிசிறில்லாதது, மற்றவருடையது பிழை மலிந்தது. எபேசுவிலோ யோவான் பெயரில் இரண்டு கல்லறைகள். ஆகவே காட்சி கண்டவர் வேறொரு யோவான் என்றார். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரும் இருவர் என்றே கொள்கிறார்கள்.

ஆயிரம் ஆண்டுக் கனவைச் சாய்க்கவே இலக்கணத்தை ஆயுதமாக்கினார் என்று சொல்வோர் உண்டு. நோக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் அதற்குக் குறுக்குவழி தயாராகவே இருந்தது: கெரிந்துஸ் என்ற பேதகன் யோவான் பெயரைப் போட்டு எழுதிய நூல் இது என்று சொல்லி அவருக்கு முன்பே சிலர் இதை ஒதுக்கியிருந்தார்கள். அந்த வழியில் அவர் போகவில்லை. சகோதரர் பலர் மதிக்கும் நூலைத் தள்ளத் துணிய மாட்டேன், எனக்கு எட்டவில்லை என்பதற்காகக் குறைசொல்லவும் மாட்டேன் என்றார். எழுதியவர் மெய்யாகவே காட்சி கண்டவர் என்றும் ஒப்புக்கொண்டார். எழுதியவர் யார் என்ற வழக்கையும் நூலின் அதிகாரத்தையும் தனித்தனியாகப் பிரித்தது அவர் சாதனை.

அப்போஸ்தலர் கை போனால் அதிகாரமும் போய்விடாதா? இது வலுவான கேள்வி. ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தருக்கு 1522-இல் அப்படித்தான் பட்டது. அப்போஸ்தலருடையதாகவும் தெரியவில்லை, தீர்க்கதரிசனமாகவும் தெரியவில்லை என்று தன் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எழுதினார். ஆனால் நூலை வெளியே எறியவில்லை, 1530-இல் முன்னுரையையே மாற்றினார். கிழக்கே அந்தச் சந்தேகம் ஆழமாக இறங்கியது. யூசேபியஸ் இந்நூலை ஏற்கப்பட்டவற்றிலும் வைத்தார், போலிகளிலும் வைத்தார். எருசலேமின் சிரிலின் பட்டியலில் இது இல்லை. சிரியாக் மொழியின் பழைய வேத மொழிபெயர்ப்பான பெஷித்தாவிலும் இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபை பின்னால் இதை வேதத்தில் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அங்கே ஆண்டு முழுவதும் ஆராதனையில் வாசிக்க வகுத்த பகுதிகளில் இதற்கு இடம் இல்லை.