விளிம்பிலிருந்து முகத்துக்கு: அயர்லாந்தின் நினைவுக் கற்களில் எழுத்து

அயர்லாந்தின் தென்மேற்கே கெர்ரி, கார்க் வட்டாரங்களில் நிற்கும் பழங்கற்களில் எழுத்தைத் தேடுபவர் கல்லின் விளிம்பைத்தான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும். ஓகம் என்னும் எழுத்துமுறைக்குக் கல்லின் ஓரமே நடுக்கோடு. அதன் இருபுறமும், குறுக்காகவும் ஒன்று முதல் ஐந்து வரை கீறல்கள். உயிரெழுத்துகளுக்கு ஓரத்திலேயே சிறு வெட்டுகள். மொத்தம் 20 எழுத்துகள். வாசிப்பு பெரும்பாலும் அடியிலிருந்து மேல்நோக்கிச் செல்லும். இக்கற்களில் மிகுதியானவை பொ.ஆ. 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

இவை சொல்வது மிகக் கொஞ்சம். பெயர் ஆறாம் வேற்றுமையில் நிற்கும். 'கல்' என்ற சொல் தொக்கி நிற்கும். 'இன்னார் மகன் இன்னாருடைய(து)' என்பதோடு செய்தி முடிந்துவிடும். சிலவற்றில் 'முக்கோய்' என்ற சொல்லை அடுத்துக் குலத்தின் பெயரும் வரும். புகழுரை இல்லை, வேண்டுதல் இல்லை. பழைய ஐரியச் சட்ட நூல்கள் ஓகம் கல்லை நிலவுரிமைக்குச் சான்றாக ஏற்கின்றன. ஆகவே தந்தை பெயரும் குலப்பெயரும் வாரிசுரிமையின் மொழி என்றே கொள்ளத் தோன்றுகிறது.

காரிப் ஏரியின் இஞ்சகாய்ல் தீவில் உள்ள சிறு கல்தூண் இந்த மரபின் திருப்பத்தைக் காட்டுகிறது. மெனுவே என்பவரின் மகன் லுகுவேதோனின் கல் என்று அது சொல்கிறது. வாய்பாடு பழையது, எழுத்தோ ரோமானியம், அதுவும் கல்லின் முகத்தில். ஓகத்தில் 'மக்வி' என்றிருந்த 'மகனுடைய' என்னும் சொல் இங்கே 'மக்கி' ஆகியிருக்கிறது. எழுத்து மாறியபோது மொழியும் மாறிக்கொண்டிருந்ததை இந்த ஒற்றைச் சொல்லில் கேட்க முடிகிறது. ஆனால் ஒன்று ஓய்ந்த பிறகே மற்றொன்று வந்தது என எண்ணிவிடலாகாது. இரண்டு எழுத்தும் பொறித்த கல் கிலீன் கார்மக்கில் கிடைத்திருக்கிறது.

ஷானன் ஆற்றங்கரையில், 6ஆம் நூற்றாண்டின் நடுவில் கியரான் நிறுவிய கிளான்மக்னாய்ஸ் மடத்துக்கு வரும்போது கல்லே படுத்துவிடுகிறது. துண்டுகளையும் சேர்த்து 600-க்கு மேற்பட்ட கல்லறைப் பலகைகள் அங்கே கிடைத்துள்ளன. நடுவில் சிலுவை, அருகே பெரும்பாலும் ஒரே பெயர், முன்னால் 'இன்னாருக்காக மன்றாட்டு' என்னும் தொடர். 'மன்றாட்டு' என்பதற்கான 'ஓரோய்ட்' என்ற சொல்லே இலத்தீன் கடன். அதையும் முழுதாக வெட்டாமல் இரண்டெழுத்தாகச் சுருக்கி மேலே ஒரு கோடு இடுவார்கள். அது தோல் ஏட்டில் எழுதுபவரின் சிக்கனம். எழுத்தின் வடிவமும் ஏட்டிலிருந்து வந்ததுதான்: இறகுப் பேனா இயல்பாக வளைக்கும் வட்டங்களை உளி கல்லில் பின்பற்றுகிறது. உளியைப் பிடித்தவர் எவராயினும், அவர் கண்முன் இருந்தது மடத்து எழுத்தரின் கைவண்ணம் என்பதே என் முடிபு.

கார்க் வட்டாரத்துத் துல்லிலீஸ் பலகை இன்னும் ஒரு படி மேலே போகிறது. இதைப் படிப்பவர் எவரும் பெரெக்டுயினுக்காக மன்றாட வேண்டுமென இலத்தீனில் கேட்கிறது. அதன் சிலுவை லிண்டிஸ்பார்ன் நற்செய்தி ஏட்டின் ஓவியப் பக்கத்தை ஒத்திருக்கிறது. நிலத்துக்குச் சான்றாக நின்ற கல், இங்கே வாசகரை நேரே அழைக்கிறது.

தந்தை பெயர் மறைந்ததற்கு ஆய்வாளர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒற்றைப் பெயரை ஆண்டுக்குறிப்பேட்டில் உள்ள ஒருவரோடு பொருத்திக் காலம் கணிப்பது 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பெட்ரி கைக்கொண்ட வழி. ஒரே பெயரைப் பலர் தாங்கிய நாட்டில் அது வழுக்கும் பாதை. மயில் உமையின் மகன் சுவிப்னேயின் கல் இதற்கு அரிய விலக்கு. அது தந்தை பெயரையும் தருகிறது. 891-இல் மறைந்த அவரை அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பேடு கிளான்மக்னாய்சின் தலைசிறந்த எழுத்தர் என்கிறது.